அக்கியூசேட்டிவ் ஆரைக் குற்றஞ்சாட்டுது?

உவர்மலையில என்ர இங்கிலீஷ் கிளாஸுக்கு வாற பிள்ளையள் கேட்டதுகள், ஒண்டா எழுதிவிடுறன்.

கேள்வி: சேர், அக்கியூஸ் எண்டா குற்றஞ்சாட்டுறதெல்லோ, "மீனை வாங்கினன்" எண்டதுல மீன் என்ன குற்றம் செய்தது?

பதில்: மீன் பாவம், பிழை மொழிபெயர்ப்புல. அக்கியூசேட்டிவ் எண்டுறது எங்கட இரண்டாம் வேற்றுமை, கிரேக்கர் இந்த வேற்றுமைக்கு வைச்ச பேர் ஐத்தியா எண்ட சொல்லில இருந்து வந்தது, அதுக்குக் காரணம் எண்டும் கருத்து இருக்கு, குற்றச்சாட்டு எண்டும் இருக்கு, வினையின்ர பலனா வாறது எண்டுதான் அவை நினைச்சிருக்கினம், ஆனா இலத்தீனுக்குக் கொண்டுபோகேக்க மற்றக் கருத்தைப் பிடிச்சுப்போட்டினம். பழி கிமு முதலாம் நூற்றாண்டு ரோம அறிஞர் வாரோ தலையில. இப்ப வாரோவைத்தான் எல்லாரும் குற்றஞ்சாட்டினம், ஆளே 2ஆம் வேற்றுமையில நிக்கிறார் பாருங்கோ! பிறகு பிரிஸ்கியன் எண்ட இலத்தீன் இலக்கணகாரர் கவுசாத்தீவுஸ் எண்டு காரணத்தை வைச்சும் சொல்லிப் பாத்தவர், ஒருக்கா விழுந்த பட்டப்பேர் போகுமே.

கேள்வி: அப்ப கிராமர் கேஸும் கோட்டுக் கேஸும் ஒண்டோ சேர்?

பதில்: ஓம் தங்கச்சி, வேற்றுமைக்குச் சொல்லுற கேஸும் கோட்டுக் கேஸும் ரெண்டும் இலத்தீன் காசுஸ், விழுறது எண்டு கருத்து. கோட்டுக் கேஸ் எங்கட தலையில வந்து விழுற சம்பவம். இலக்கணத்தில, பெயர்ச்சொல் எழுவாயா நிண்டா நிமிர்ந்த கேஸ், மற்றதெல்லாம் சரிஞ்சது. கோணேசர் கோயிலடியில மலை விளிம்பில நிமிர்ந்து நிக்கிற ஆளையும் எட்டிக் கடலைப் பாக்கச் சரியிற ஆளையும் நினைச்சா விளங்கும். சூட்கேஸ் மட்டும் வேற, அது காப்சா எண்ட பெட்டி. எங்கட ஆக்கள் ஒண்டையும் விழுத்தேல்ல, பொருளை வேறுபடுத்துறது வேற்றுமை எண்டினம், தொல்காப்பியர் ஏழு எண்டு சொல்லி விளியோட எட்டாக்கினார். எனக்கு அதுதான் நேர்மையாப் படுது, "ஐ" வந்தா இரண்டாம் வேற்றுமை, கோட்டு வாசலுக்குப் போகத் தேவையில்ல.

கேள்வி: ரென்ஸ் படிச்சா ரென்ஷன் வருதே?

பதில்: உங்களுக்கு வரும், சொல்லுக்கு வராது. வினையின்ர காலத்தைச் சொல்லுற அந்த ரென்ஸ் இலத்தீன் தெம்புஸ், நேரம். ரென்ஷன் தெந்தெரே, இழுக்கிறது.

கேள்வி: பார்ட்டிசிப்பிள்ல ஆருக்குப் பார்ட்டி?

பதில்: பார்ட்டி இல்லை தம்பி, பங்கு. இலத்தீன்ல அது வினை மாதிரிக் காலமும் காட்டும், பெயர் மாதிரி வேற்றுமையும் ஏற்கும், ரெண்டு பக்கத்திலயும் பங்கு எடுக்கிறபடியால அந்தப் பேர். எங்கட வினையாலணையும் பெயரும் கிட்டத்தட்ட அப்பிடித்தான், "கரைவலை இழுத்தவனுக்கு மீன்ல பங்கு" எண்டேக்க "இழுத்தவனுக்கு" எண்டதுல இறந்தகாலமும் இருக்கு, நாலாம் வேற்றுமையும் இருக்கு.