எங்கள் தெருவில் பேட்ச் போட்ட இடமெல்லாம் அடுத்த மழைக்கே பெயர்ந்துவிடுகிறது. ஏன் இப்படி? குடியிருப்பவர்கள் என்ன செய்ய முடியும்?

இதே கேள்வியோடு பல வருடங்களாக வாழ்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு மாநகராட்சி எல்லைக்குள், பஸ் போகாத ஓர் உட்தெருவில் குடியிருக்கிறேன். குடியிருப்போர் நலச்சங்கத்துக்காக வார்டு அலுவலகத்துக்கும் மண்டல அலுவலகத்துக்கும் அலைந்ததில் தெரிந்துகொண்டதும், வாசலில் நின்று கண்ணால் பார்த்ததும்தான் இந்தப் பதில்.

முதலில் ஏன் பெயர்கிறது என்பதற்கு வருகிறேன். தெருவில் யாரைக் கேட்டாலும் "தார் கம்மியா போட்டுட்டான்" என்பார்கள். அப்படியும் நடக்கலாம். ஆனால் உட்தெருக்களில் குழி பெரும்பாலும் தாருக்குக் கீழே, மண்ணில்தான் ஆரம்பிக்கிறது. குடிநீர்க் குழாய்க்கு ஒரு முறை, பாதாள சாக்கடை இணைப்புக்கு ஒரு முறை, மின்கேபிளுக்கு ஒரு முறை, இன்டர்நெட் கேபிளுக்கு ஒரு முறை என்று தெருவைத் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அதே மண்ணை ஜே.சி.பி. ஒரே தள்ளாகப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போய்விடுகிறது.

சரியாக மூடுவது எப்படி? ஏறக்குறைய 15 செ.மீ. கனத்துக்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கருவி) போட்டுக் கெட்டிப்படுத்திவிட்டு, அதன் மேல் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். நாலு அடி ஆழப் பள்ளம் என்றால் எட்டு அடுக்கு. இது அரை நாள் வேலை. நான் பார்த்தவரை கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கெட்டிப்படாத மண் முதல் மழையில் ஒரு சாண் இறங்கும். அதற்கு மேல் எவ்வளவு தரமான தாரைப் போட்டாலும் அதுவும் கூடவே இறங்கத்தான் செய்யும்.

இறங்கிய பிறகுதான் நாம் புகார் கொடுக்கிறோம், பேட்ச் போட வருகிறார்கள். போன ஐப்பசியில் மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு நாள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். லோடு வண்டியில் தார்ப்பாய் போட்டு மூடிய கலவை. ஊருக்கு வெளியே தார்க் கலவை தயாரிக்கும் பிளான்ட்டிலிருந்து காலையில் ஏற்றியது எங்களிடம் வந்து சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. தார்ப்பாயை விலக்கினால் ஆவியே இல்லை. கலவை கட்டிகட்டியாக இருந்தது, மண்வெட்டியால் கொத்திக் கொத்தி எடுத்தார்கள். குழியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதை இறைக்காமல் கலவையை அப்படியே அதில் கொட்டி, மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டி, மேலே ஜல்லித் தூளைத் தூவிவிட்டுக் கிளம்பினார்கள். ரோலர் வரவே இல்லை. அடுத்த மழையில் ஜல்லி தனியாகக் கழன்று தெரு ஓரத்தில் ஒதுங்கியது. பைக்குகள் வழுக்க ஆரம்பித்தது அந்த ஜல்லியில்தான்.

அந்தத் தொழிலாளர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொடுத்த கலவையைக் கொடுத்த நேரத்துக்குள் போட்டுவிட்டு அடுத்த தெருவுக்கு ஓட வேண்டிய நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். இந்த மாதிரி சூடான தார்க் கலவை பிளான்ட்டை விட்டுக் கிளம்பும்போது 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் ஓட்டி முடித்துவிட வேண்டும். ஆறிப்போன கலவை ஒட்டாது. ஈரத்தில் போட்டாலும் ஒட்டாது, ஏனென்றால் கல்லுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்து இரண்டையும் பிரித்துவிடும். குழியின் ஓரங்களை நல்ல ரோடு வரும்வரை சதுரமாக, நேராக வெட்டி, தூசி தட்டிக் காயவைத்து, ஒட்டுவதற்காகத் தார் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த நீர்த்த தார்) அடித்து, அப்புறம்தான் கலவையைப் போட வேண்டும். ரோடு பிரிவில் வேலை பார்க்கும் எந்தப் பொறியாளருக்கும் இது தெரியும். தெரிந்தும் செய்யாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

தமிழ்நாட்டில் நல்ல ரோடு போட ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு சேர்த்து ரோடு போடும் முறையைக் கொண்டுவந்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சென்னை ஜம்புலிங்கம் தெருவில் 2002இல் அந்த முறையில் போட்ட ரோடு பல வருடம் தாங்கியது. அதுவும் ஓர் உட்தெருதான்.

பேட்ச் போட்டுப் போட்டு மாளாமல், ஒரு கட்டத்தில் "முழுசா புது ரோடு போடறோம்" என்று வருவார்கள். அதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போடுவது. ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று தெரு உயர்ந்துகொண்டே வரும். எங்கள் எதிர்வீட்டு அம்மா அந்த வீடு கட்டியபோது வாசலில் மூன்று படி ஏறித்தான் உள்ளே போக வேண்டுமாம். இப்போது ரோட்டிலிருந்து ஒரு படி இறங்கித்தான் போகிறார்கள். வெளிப்பக்கம் திறக்கும் அவர்கள் கேட், புது ரோடு போட்ட மறுநாள் தரையில் இடித்து நின்றுவிட்டது. வெல்டரைக் கூப்பிட்டு அடிப்பாகத்தை அறுத்து எடுத்த பிறகுதான் திறந்தது. இப்போது மழைக்காலம் முழுக்க வாசலில் மணல் மூட்டை. எழுபது வயதுக்கு மேல், இராத்திரியில் எழுந்து தண்ணீர் உள்ளே வந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கஷ்டத்தைக் கொடுத்தது மழை இல்லை, ரோடு.

பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், வீடுகள் பள்ளமாகிவிடக் கூடாது என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு துறைகளுக்கு அறிவுறுத்தினார். அதனால் மில்லிங் (இப்படிச் சுரண்டி எடுப்பதற்குப் பெயர் அதுதான்) செய்யச் சொல்லிக் கேட்பதை ஒரு சலுகை கேட்பது போல் கேட்காதீர்கள். வேலை ஆரம்பிக்கும் முன், வீட்டு வாசற்படியிலிருந்து ரோடு எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து, டேப்போடு சேர்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் பேசும்போது அந்த ஒரு போட்டோ போதும்.

இனி என்ன செய்யலாம் என்பது. என் அனுபவத்தில், புகாரில் "ரோட்டில் குழி" என்று எழுதினால் வருவது லோடு வண்டிக் கலவைதான். தோண்டுவது ஒரு துறை, மூட வேண்டியது இன்னொரு துறை என்று இருப்பதில்தான் நம் தெரு சிக்கிக்கொள்கிறது. ரோட்டை வெட்ட அனுமதி வாங்கும் நிறுவனம், ரோட்டைச் சீரமைக்கும் கட்டணத்தை உள்ளாட்சியிடம் முன்பணமாகக் கட்டுவது வழக்கம். அதாவது நம் தெருவை மூடுவதற்கான பணத்தைப் பல சமயம் ஏற்கெனவே கட்டியிருப்பார்கள். குழாய் போட்டவர் "எங்கள் வேலை முடிந்தது" என்பார், ரோடு பிரிவு "இன்னும் எங்களிடம் ஒப்படைக்கவில்லை" என்பார். நடுவில் மாதங்கள் ஓடும். அதனால் புகாரில் இப்படி எழுதுங்கள்: இந்தத் தெருவில், இந்த வீட்டு எண்ணிலிருந்து இந்த வீட்டு எண் வரை, இந்த மாதம், இந்த வேலைக்காக வெட்டிய ரோடு முறையாக மூடப்படவில்லை. அப்படி எழுதிய பிறகுதான் எங்களுக்கு உதவிப் பொறியாளர் நேரில் வந்தார்.

தோண்டிய பள்ளத்தை மூடும் நாளில் தெருவில் இரண்டு பேராவது நில்லுங்கள். சண்டை வேண்டாம். "அடுக்கு அடுக்கா போட்டு திமிசு போடுங்க, தண்ணி நாங்க தர்றோம்" என்று சொன்னாலே போதும். எங்கள் தெருவில் கோயில் பக்கம் இருக்கும் பாதியை அப்படித்தான் மூட வைத்தோம். ஒரு மழைக்காலம் முழுக்கக் கடந்தும் அந்தப் பாதி இறங்கவில்லை. யாரும் நிற்காத மறுபாதி மூன்று இடத்தில் உள்வாங்கிவிட்டது.

புது ரோடு போட்டிருந்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் பெயர்ந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கும். அதுதான் அவருடைய பொறுப்புக் காலம். அந்தக் காலம் முடியும் முன் எழுத்தில் புகார் போக வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது. 2022 முதல் நடக்கும் பகுதி சபைக் கூட்டங்களிலும் (வார்டுக்குள் பகுதி வாரியாக மக்கள் கூடும் கூட்டம்) எழுப்புங்கள். கவுன்சிலர் முன்னால், நாலு பேர் கேட்க வைத்த கோரிக்கை பதிவாகிவிடும்.

இதெல்லாம் பலிக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. பலரும் காகித நகல் மட்டும் கேட்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, நடக்கும் பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. பத்து ரூபாய்தான் கட்டணம், முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு போகலாம். நீங்கள் கேட்க வேண்டியவை: உங்கள் தெருப் பணிக்கான செலவு மதிப்பீட்டின் நகல், பணியின் அளவுப் புத்தகத்தின் நகல், ரோடு வெட்ட யாருக்கு எந்தத் தேதியில் அனுமதி தரப்பட்டது, சீரமைப்புக் கட்டணமாக எவ்வளவு வாங்கப்பட்டது, மில்லிங் செய்யப்பட்டதா, ஒப்பந்ததாரரின் பொறுப்புக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது. அளவுப் புத்தகத்தில் ரோடு எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று எழுதியிருக்கும். பெயர்ந்து கிடக்கும் ஓரத்தில் ஸ்கேலை வைத்து நீங்களே அளந்து ஒப்பிடலாம்.