மக்னீசியம் அரிப்பு: மூன்று அளவீடு, மூன்று விடை. எதை நம்புவது?

கேள்வி: ஏஇசட்91டி (அலுமினியமும் துத்தநாகமும் சேர்ந்த மக்னீசியம்) உலோகக்கலவைத் துண்டுகளை 3.5% உப்புக் கரைசலில் மூன்று நாள் வைத்தோம். உலர்த்தி நிறுத்துப் பார்த்தால் எடை கூடியிருக்கிறது. டாஃபெல் வரைபடம் (மின்னழுத்தத்தை மாற்றி மின்னோட்டத்தை அளந்து அரிப்பு வேகம் கணிக்கும் முறை) ஆண்டுக்கு 0.6 மி.மீ. தடிமன் அரிகிறது என்கிறது, சேகரித்த ஹைட்ரஜனைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 2 மி.மீ. வருகிறது. எது சரி?

பதில்: உங்கள் மூன்றில் ஹைட்ரஜன் கணக்குதான் உண்மைக்கு அருகில் இருக்கிறது.

எடை கூடியதற்குக் காரணம், அரிப்பில் உண்டான மக்னீசியம் ஹைட்ராக்சைடு துண்டின் மேலேயே ஒட்டிக்கொண்டிருப்பது. 24.3 கிராம் உலோகம் அரித்தால் 58.3 கிராம் ஹைட்ராக்சைடு கிடைக்கும். அந்தப் படிவை நீக்காமல் நிறுத்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

நீக்கும் கரைசல்: ஒரு லிட்டர் நீரில் 200 கிராம் குரோமியம் டிரையாக்சைடு (நீரில் இது குரோமிக் அமிலமாகும்), 10 கிராம் வெள்ளி நைட்ரேட். துண்டில் உப்பு எஞ்சினால் அந்தக் குளோரைடு குரோமிக் அமிலத்திலும் உலோகத்தைத் தின்னும். வெள்ளி நைட்ரேட் சேர்ப்பது அதைப் பிடித்துவைக்கத்தான். ஆகவே முதலில் நன்றாக அலசுங்கள். அறை வெப்பநிலையில் ஒரு நிமிடம் முக்கி, கழுவி, எத்தனாலில் அலசி, உலர்த்தி நிறுங்கள். எடை நிலைக்கும்வரை திரும்பச் செய்யுங்கள். அரிக்காத புதுத் துண்டு ஒன்றையும் கூடவே முக்கி, அது இழக்கும் எடையைக் கழித்துவிட வேண்டும். இந்த அமிலம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது: கையுறையும் புகைப்போக்கி அறையும் கட்டாயம், கழிவைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது.

கணக்கு எளிது. 20 × 20 × 4 மி.மீ. துண்டின் பரப்பு 11.2 சதுர செ.மீ. மூன்று நாளில் 33.6 மி.கி. குறைந்தால், நாளுக்குச் சதுர செ.மீ.க்கு 1 மி.கி. அதை 2.1ஆல் (மக்னீசியத்துக்கான அலகு மாற்று எண்) பெருக்கினால் ஆண்டுக்கு 2.1 மி.மீ.

ஹைட்ரஜன் இதற்கு நல்ல சாட்சி. ஒரு மக்னீசியம் அணு கரைந்தால் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு வெளிவரும். 25 டிகிரியில் 1 மி.லி. வாயு என்றால் ஏறக்குறைய 1 மி.கி. உலோகம் போயிருக்கிறது. தலைகீழ்ப் புனலும் பியூரெட்டும் போதும். வாயுவில் கொஞ்சம் கரைசலிலேயே கரைந்துவிடுவதால் தொடக்கத்தில் அளவு சற்றுக் குறைவாகத் தெரியும்.

டாஃபெல் ஏன் குறைத்துச் சொல்கிறது? அது அந்தக் கணத்து வேகம் மட்டுமே. துண்டைக் கரைசலில் போட்ட சில நிமிடத்தில் எடுத்த வரைபடம், பின்னால் பரவிய அரிப்பை அறியாது. தவிர, மக்னீசியத்தில் ஆனோடுப் பக்கம் (உலோகம் கரையும் பக்கம்) மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்ற ஹைட்ரஜன் குறையாமல் கூடுகிறது. அதனால் வரைபடத்தின் ஆனோடுப் பகுதியில் நேர்கோடு பொருத்துவது தவறு. கேத்தோடுப் பக்கக் (ஹைட்ரஜன் வெளிவரும் பக்கம்) கோட்டை மட்டும் நீட்டி அரிப்பு மின்னோட்டத்தைக் கணியுங்கள் (சதுர செ.மீ.க்கு 1 மில்லிஆம்பியர் என்றால் ஆண்டுக்கு 22.85 மி.மீ.). அப்போதும் எடை இழப்போடு ஒப்பிடாமல் அந்த எண்ணை வெளியிடாதீர்கள்.

கரைசலைக் குறைவாக ஊற்றினால் ஹைட்ராக்சைடு சேர்ந்து பிஎச் 10.5 வரை ஏறும். அரிப்பு மெதுவாகி, கலவை நல்லது போலத் தோன்றும். இந்தத் துண்டுக்கு ஒன்றரை லிட்டர் வையுங்கள். நைலான் நூலில் தொங்கவிடுங்கள், உலோகக் கம்பி வேண்டாம்.

துண்டுக்குத் துண்டு விடை பல மடங்கு மாறினால் இரும்பைச் சந்தேகியுங்கள். ஏஇசட்91டியில் இரும்பு 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கலவை சரியாக இருந்தாலும், எஃகுத் தூரிகையோ எஃகுக் குண்டு வீச்சோ பட்ட பரப்பில் ஒட்டிய இரும்புத் துகள் போதும். 1200 எண் சிலிக்கன் கார்பைடு தாளில் தேய்த்து மறுபடி சோதியுங்கள்.