காசு நம்முது, பிடிகயிறு யாருது?

இந்த வாரம் கம்ப்யூட்டர், செல்போன், மெஷின் பற்றி வந்த கடிதங்கள் மட்டும். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். ஊரை வைத்திருக்கிறேன், பேரை எடுத்துவிட்டேன்.

கே: என் லேப்டாப் 2015-ல் வாங்கியது. ஐ5 ஐந்தாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். கடைக் கணக்கு, மெயில், யூடியூப், அவ்வளவுதான் சோலி. விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு, இதில் 11 ஏறாது, 48,000 ரூபாய்க்குப் புதுசு எடுத்துக்குங்க என்கிறார் கடைக்காரர். எடுத்துடலாமுங்களா?
— ஜவுளிக் கடைக்காரர், ஈரோடு

ப: எடுக்காதீங்க. கடைக்காரர் சொன்னதில் பாதி நிஜம். விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், அவர்கள் பட்டியலில் இருக்கும் பிராசசரும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல். உங்களுடையது அதில் தேறாது. ஆனால் உங்கள் லேப்டாப்பில் எந்தக் கோளாறும் இல்லையே! விற்ற கம்பெனி தன் விதியை மாற்றியதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் பொருளை நீங்கள் ஏன் பழைய இரும்புக்குப் போடவேண்டும்?

2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் பெறும் வழி ஒன்று உண்டு. அது தள்ளிப்போடுவதுதான். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் எதையும் மாற்றாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்க. வைஃபை, சத்தம், பிரிண்டர் மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்த்தபிறகு முடிவெடுங்க. கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவது என்றால் அதற்கு ஒரு வழி செய்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். முதலில் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்க. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால், சுழலாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி போடுங்க. புது லேப்டாப் விலையில் சின்னப் பங்குதான் ஆகும்.

கே: லினக்ஸ் போட்டுத் தர 600 ரூபாய் கேட்கிறார்கள். நெட்டில் சும்மா கிடைப்பதற்குக் காசு வாங்குவது ஏமாற்று இல்லையா?
— அவினாசி

ப: இல்லை. அது அவர் கூலி, கொடுங்க. லினக்ஸின் உரிமம் காசுக்கு விற்பதையும் தடுக்கவில்லை.

கே: ஆன்லைனில் 349 ரூபாய்க்கு 'லைஃப்டைம்' ஆபீஸ் கீ வாங்கினேன். நாலே மாசத்தில் செல்லாது என்று வருகிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை.
— திருப்பூர்

ப: பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள உரிமத்தை 349 ரூபாய்க்கு எவர் தருவார்? ஏதோ ஒரு கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்த கீயைச் சில்லறையாக விற்பதும், திருட்டுக் கீயை விற்பதும்தான் இந்த வியாபாரத்தில் நடக்கிறது. இதைப் பலமுறை எழுதியாயிற்று, இதே கடிதம் மறுபடியும் வருகிறது. வாங்கிய தளத்தில் புகார் போடுங்க, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்க. பணம் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கடிதமும் கணக்குத்தாளும் எழுத லிப்ரேஆபீஸ் போதும், அதற்குக் கீயே கிடையாது.

கே: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஆறு வருசம் முன்பு 18,000 ரூபாய்க்கு பில்லிங் சாப்ட்வேர் வாங்கினேன். வருசம் 6,000 ஏஎம்சி (வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணம்) கட்டிவந்தேன். இந்த வருசம் 14,000 கேட்டார்கள், முடியாதென்றேன். மறுநாள் காலையில் சாப்ட்வேர் திறக்கவில்லை. ஸ்டாக்கு, ஆறு வருசக் கணக்கு, யார் யார் பாக்கி எல்லாம் அதற்குள்தான். கட்டினால்தான் திறப்பார்களாம். வெசனத்தில் தூக்கம் இல்லைங்க.
— கோபிசெட்டிபாளையம்

ப: படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏஎம்சி கேட்பதில் தப்பில்லை. ஆள் அனுப்ப, ஜிஎஸ்டி மாற்றங்களைச் சேர்க்க, போனில் பதில் சொல்ல அவர்களுக்கும் செலவு உண்டு. பணம் வராவிட்டால் அந்த வேலைகளை நிறுத்திக்கொள்ளட்டும். கணக்கைப் பூட்ட அவர்கள் யார்? அரிசி எத்தனை சிப்பம் வந்தது, எந்த வீட்டில் எவ்வளவு நிற்கிறது என்று ஒவ்வொரு வரியாக உள்ளே ஏற்றியது நீங்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதத்துக்குக் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது. அதிகாரி வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

சாப்ட்வேரை அழிக்காதீங்க, கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்யாதீங்க. ஹார்டு டிஸ்க்கை முழுதாக ஒரு நகல் எடுக்கச் சொல்லுங்க. பல பில்லிங் சாப்ட்வேர்கள் கணக்கைச் சாதாரண டேட்டாபேஸ் கோப்பில்தான் வைக்கின்றன, விவரம் தெரிந்த பையன் ஒருவன் அதைப் படித்துவிடக்கூடும். கூடவே, கணக்கு முழுவதையும் எக்செல் அல்லது சிஎஸ்வி வடிவில் 15 நாளில் தரவேண்டும் என்று பதிவுத் தபாலில் எழுதுங்க. தராவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. வியாபாரத்துக்காக வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதிடும். சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்வதை எடுத்துக்காட்டுங்க. கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டாக வேண்டும்.

இனிச் சொல்வது மற்ற வாசகர்களுக்கும் சேர்த்து. கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் காளை பிடித்தால், பணத்தை எண்ணிக் கொடுத்ததும் பிடிகயிறு நம் கைக்கு வந்துவிடும். கம்ப்யூட்டர் சரக்கில் மட்டும் காசு கைமாறுகிறது, கயிறு விற்றவர் கையிலேயே நிற்கிறது. அவர் இழுத்தால் நம் கடை நிற்கிறது. இதை எதிர்த்துத்தான் அமெரிக்கப் புரோகிராமர் ரிச்சர்டு ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் க்னூ திட்டத்தை 1983-இல் அறிவித்தார். ஒரு மென்பொருளை எந்த வேலைக்கும் ஓட்டலாம். அது உள்ளே என்ன செய்கிறது என்று மூலநிரலை, அதாவது அதை எழுதிய புரோகிராம் வரிகளைப் பார்த்து, வேண்டியபடி மாற்றலாம். நகல் எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றியதையும் கொடுக்கலாம். இந்த நாலு உரிமையும் பயன்படுத்துகிறவரிடம் இருந்தால் அது கட்டற்ற மென்பொருள். விலை எவ்வளவு என்பது வேறு கணக்கு.

யூனிகோடு பரவுவதற்கு முன்னால் நான் ஒரு தமிழ்த் தட்டச்சு மென்பொருள் வாங்கினேன். ஒவ்வொரு கம்பெனியும் எழுத்துக்குத் தனித்தனிக் குறியீடு வைத்திருந்த காலம். அந்தக் கம்பெனி கடையைக் கட்டியது, நான் எழுதிய கட்டுரைகள் எல்லாம் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரிந்தன. டிடிபி கடைக்காரர்கள் இதே பாட்டை நிறையவே பட்டிருக்கிறார்கள்.

ஆகவே பில்லிங் சாப்ட்வேர் வாங்கப் போகிறவர்கள் முதலில் ஒன்றைக் கேளுங்க: நாளைக்கு நான் உங்களை விட்டுப் போனால் என் கணக்கை எந்த வடிவில், எத்தனை நாளில் தருவீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்க. மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்க. மும்பையில் உருவான இஆர்பிநெக்ஸ்ட் என்ற வியாபாரக் கணக்கு மென்பொருள் கட்டற்றதுதான், ஜிஎஸ்டிக்கும் வழி இருக்கிறது. அமைத்துத் தர ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளமும் வேண்டும். அவரோடு ஒத்துவராவிட்டால் கணக்கு உங்களிடமே இருக்க, வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம்.

கே: குழுக் கடன் வாங்கி கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் எடுத்தேன். டிசைன் சாப்ட்வேர் ஒரிஜினல் என்று சொல்லித் தனியாக 40,000 வாங்கினார்கள். இப்போது திறக்கவில்லை. சர்வீஸ் பையன் பார்த்துவிட்டு இது கிராக்கு போட்டது என்கிறான். என் மேல் கேஸ் வருமா?
— திருப்பூர்

ப: பயப்படாதீங்க அம்மிணி. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்துகிறவரைத் தண்டிக்கிறது. நீங்கள் ஒரிஜினல் என்று நம்பிக் காசு கொடுத்தவர். ஆனால் இப்போது தெரிந்துவிட்டதால் அதை மறுபடி உயிர்ப்பிக்க எவரையும் கூப்பிடாதீங்க.

விற்றவர் செய்தது சுத்த மோசடி. பில்லில் 40,000 தனியாக எழுதியிருக்கிறதா பாருங்க. இல்லாவிட்டாலும் யுபிஐ ரசீது, வாட்ஸ்அப்பில் 'ஒரிஜினல்' என்று அவர் அனுப்பிய செய்தி எல்லாம் சாட்சிதான், ஒன்றையும் அழிக்காதீங்க. பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்க, பிறகு 1915, பிறகு மாவட்ட ஆணையம். நீங்களே உட்கார்ந்து ஓட்டும் மெஷின் என்பதால் நுகர்வோர் என்ற தகுதி உங்களுக்கு உண்டு. அதுவரை வேலை நிற்க வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளோடு இங்க்/ஸ்டிச் என்ற இணைப்பைச் சேர்த்தால் எம்பிராய்டரி டிசைன் போடலாம், எம்பிராய்டரி மெஷின்கள் படிக்கும் டிஎஸ்டி கோப்பாகவும் எடுக்கலாம். இரண்டும் கட்டற்றவை. பழைய சாப்ட்வேரில் இருந்த எல்லா வசதியும் இதில் கிடைக்காது, கை பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். ஆர்டருக்கு முன்னால் துண்டுத் துணியில் ஓட்டிப் பாருங்க.

கே: கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டேன். மிஸ்டு கால் கொடுத்தால் ஓடும் என்று விற்றார்கள், ஓடிக்கொண்டும் இருந்தது. இப்ப என்னமோ அப்டேட்டுன்னு சொல்லி, இனி ஆப் வழியாத்தான், வருசம் 1,200 கட்டோணுங்கறாங்க.
— விவசாயி, தாராபுரம்

ப: விற்றபோது இருந்த வசதியைப் பிறகு பறித்துக் காசு கேட்பதை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. பழைய விளம்பர நோட்டீசு, டப்பா, பில்லு இருந்தால் பத்திரப்படுத்துங்க. மிஸ்டு கால் வசதியை மீட்டுத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்க. பயிர் காயக்கூடாது, அதனால் பெட்டியில் கையால் போடும் வழி சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீசியனை வைத்து இன்றைக்கே பார்த்துவிடுங்க.

எங்கள் தோட்டத்துச் சாளைக்கு நான் வாங்கிய வைஃபை கேமராவுக்கும் இதுதான் நடந்தது. விற்ற கம்பெனி சர்வரை மூடியது. கேமராவில் ஒரு பழுதும் இல்லை, படம் மட்டும் வருவதில்லை. அமெரிக்காவில் வீட்டுச் சாதனங்களைப் போனிலிருந்து இயக்கும் ரிவால்வ் என்ற கருவியை 300 டாலர் கொடுத்து வாங்கியவர்களும், நெஸ்ட் நிறுவனம் 2016 மே மாதம் அதன் சர்வரை நிறுத்தியபோது இதே கதிக்கு ஆளானார்கள். இனிக் கேமரா வாங்குகிறவர்கள் கம்பெனி சர்வர் இல்லாமலே படத்தை நேராக எடுக்க உதவும் ஆர்டிஎஸ்பி வசதி உண்டா, இன்டர்நெட் இல்லாமல் நம் வீட்டு டிஸ்க்கிலேயே பதிவாகுமா என்று கேட்டு வாங்குங்க.

கே: மூலநிரல், உரிமை என்று எழுதுகிறீர்கள். நான் ரிட்டையர் ஆன கிளார்க். ஒரு வரி புரோகிராம் தெரியாது. அது எனக்குக் கிடைத்து என்ன செய்யப்போகிறேன்?
— திருச்செங்கோடு

ப: நியாயமான கேள்வி. ஸ்டால்மனுக்குப் புரோகிராம் நன்றாகத் தெரியும், அப்படியும் அவர் கை கட்டப்பட்டது. 1980 வாக்கில் அவர் வேலை பார்த்த அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. பேப்பர் அடிக்கடி சிக்கியது. சிக்கினால் அச்சுக்குக் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி பழைய பிரிண்டரில் அவர் எழுதி வைத்திருந்தார். புதியதில் அதைச் சேர்க்க மூலநிரல் இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவரிடம் கேட்டார். தரமாட்டேன் என்று கம்பெனிக்கு வாக்குக் கொடுத்திருப்பதாக அவர் மறுத்துவிட்டார்.

மாற்றத் தெரிந்த ஒருவர் எங்கேயாவது இருந்து, அவருக்கு அனுமதியும் இருந்தால் அதன் பலன் உங்களுக்கு வந்துசேரும். ஓப்பன்ஆபீஸ் என்ற கட்டற்ற ஆபீஸ் மென்பொருள், சன் கம்பெனியிலிருந்து ஆரக்கிள் கம்பெனி கைக்குப் போனது. அந்த நிர்வாகத்தில் நம்பிக்கை இழந்தவர்கள் 2010-இல் அதே மூலநிரலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து லிப்ரேஆபீஸை உருவாக்கினார்கள். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு அதில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலப் புரோகிராம் தெரியாதவர்கள். அவர்கள் கோப்பு எதுவும் போகவில்லை. லிப்ரேஆபீஸ் மெனுவைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம், தன்னார்வலர்கள் உழைத்து மொழிபெயர்த்தது அது. பூட்டிய மென்பொருளில் தமிழ் வருமா என்று கம்பெனிதான் முடிவு செய்யும்.

கே: தவணையில் செல்போன் வாங்கி முழுசாகக் கட்டிவிட்டேன். லாக் ஆப்பை இன்னும் எடுக்கவில்லை. இரண்டு தடவை போன் பூட்டிக்கொண்டது.
— பெருந்துறை

ப: கடன் முடிந்ததற்கான நோ டியூ சான்றிதழை எழுத்தில் வாங்குங்க, லாக்கை நீக்கச் சொல்லி மெயில் அனுப்புங்க. 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பு அதிகாரியிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரத்துக்கு 14448. கட்டி முடித்த போனை இன்னொருவர் தூரத்திலிருந்து பூட்டுவதை ஒரு நாள்கூடப் பொறுக்காதீங்க.

கே: பிள்ளை படிக்கும் தனியார் பள்ளியில் குறிப்பிட்ட டேப்லெட்டையும் அதன் சந்தாவையும் பள்ளி வழியாகவே வாங்கச் சொல்கிறார்கள். பாலக்காட்டில் அரசுப் பள்ளியில் படிக்கும் என் அக்கா பிள்ளைகளுக்கு இப்படி எதுவும் இல்லையே?
— மதுக்கரை

ப: வாளையாறு தாண்டினால் நிலைமை வேறு. கேரள அரசு தன் பள்ளிகளின் கணினிப் பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் நடத்துகிறது. கைட் என்ற அரசு அமைப்பு அதற்காகவே ஒரு லினக்ஸ் தயாரித்துக் கொடுக்கிறது, அதைப் பிள்ளைகள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ளலாம். உங்கள் பள்ளியிடம், பாடத்துக்கு எந்த வசதி தேவை, வேறு கருவியில் அது ஏன் முடியாது என்று நாலைந்து பெற்றோர் சேர்ந்து எழுத்தில் கேளுங்க. பிள்ளையின் விவரம் அந்தக் கம்பெனியிடம் எவ்வளவு நாள் இருக்கும் என்பதையும் கேளுங்க.

கே: பழைய லேப்டாப் 9,000 ரூபாய்க்கு, பில் இல்லாமல் வாங்கினேன். ஆன் செய்தால் பயாஸ் பாஸ்வேர்டு கேட்கிறது. எப்படி உடைப்பது?
— கரூர்

ப: உடைக்கச் சொல்லித் தரமாட்டேன். ஏதோ ஒரு ஆபீஸின் லேப்டாப்பாக இருக்கலாம், திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். விற்றவரிடமே கொண்டுபோய்ப் பணத்தைக் கேளுங்க. மறுத்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து எழுதிக் கொடுங்க.