அலபாமா படைவீரரின் பதிவு 1864-இல் நின்றுபோனால்

உங்கள் மனைவியின் முப்பாட்டனார் பெயர் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால அலபாமா காலாட்படை அட்டைகளில் 1864 ஆகஸ்ட் வரை 'ஆஜர்' என்று இருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை, அதனால் படையை விட்டு ஓடிவிட்டாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த முடிவுக்கு வராதீர்கள். போரின் கடைசி மாதங்களின் வருகைப் பட்டியல்கள் பல அழிந்துவிட்டன, அந்தப் பட்டியல்களைப் பார்த்துத்தான் அட்டைகளை எழுதினார்கள், பட்டியலே இல்லாதபோது அட்டை எங்கிருந்து வரும்?

போருக்குப் பின் டெக்சாஸில் குடியேறினார் என்கிறீர்களே, அதுதான் நல்ல பிடி. கூட்டமைப்பு (அலபாமா உள்ளிட்ட, பிரிந்துபோன தென் மாநிலங்களின் தரப்பு) வீரர்களுக்கு ஓய்வூதியம் கொடுத்தது மத்திய அரசு அல்ல, மாநிலங்கள்தான், அதுவும் எந்த மாநிலத்துக்காகப் போரிட்டாரோ அங்கே அல்ல, விண்ணப்பிக்கும்போது எங்கே வாழ்ந்தாரோ அங்கே. டெக்சாஸில் இது 1899-இல் தொடங்கியது, கோப்புகள் ஆஸ்டினில் மாநில நூலகத்தில் இருக்கின்றன. அவர் பெயரில் கிடைக்காவிட்டால் விதவை பெயரில் தேடுங்கள்.

அப்புறம், 1910-இல் உயிரோடு இருந்திருந்தால் அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளின் வலது ஓரத்தில் 30-ஆம் பத்தியைப் பாருங்கள், கூட்டமைப்புப் படையில் இருந்தவர்களுக்குச் சின்னதாக 'சி.ஏ.' (CA, Confederate Army, அதாவது கூட்டமைப்புத் தரைப்படை) என்று எழுதியிருப்பார்கள். பெயரை முதலெழுத்துகளாக மட்டும் போட்டும் தேடுங்கள், எழுத்தர்கள் பலமுறை அப்படித்தான் எழுதினார்கள்.