சென்னையில் பிறந்த மகளும் அமெரிக்க அதிபர் பதவியும்

வணக்கம். அமெரிக்காவில் வாழ்ந்த அந்நாட்டுக் குடிமக்களான உங்கள் இருவருக்கும் சென்னையில் பிறந்த மகள், அங்கே அதிபர் தேர்தலில் ஒருபோதும் நிற்க இயலாது என்று உறவினர் கூறியதாக எழுதியிருந்தீர்கள். அதை ஏற்க வேண்டாம். அரசமைப்பு கேட்பது பிறப்பிலேயே குடியுரிமை பெற்றிருப்பதை. பெற்றோர் வழியாக அதைப் பெற்றவரும் தகுதியுடையவரே என்பது பெரும்பாலான சட்ட அறிஞர்களின் கருத்து, உச்ச நீதிமன்றம் இதில் நேரடித் தீர்ப்பு வழங்காவிட்டாலும்.

கனடாவில் அமெரிக்கத் தாய்க்குப் பிறந்த அரசியல்வாதி டெட் குரூஸ் 2016-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் போட்டியிட்டார். அப்போது அவரது பிறப்பிடத்தைக் கிளறிய டிரம்ப்தான், அமெரிக்க மாநிலமான ஹவாயில் பிறந்த ஒபாமா 2011-இல் முழுப் பிறப்புச் சான்றிதழை வெளியிட நேரும் அளவுக்கு அவர் அமெரிக்காவில் பிறந்தவர்தானா என்ற ஐயத்தைப் பரப்பியவர். தமிழகத் தாய்க்குக் கலிபோர்னியாவில் பிறந்த கமலா ஹாரிஸையும் 2020-இல் இத்தகுதிக் கேள்வி துரத்தியது மிகவும் வருந்தத்தக்கது. மகளின் பிறப்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பதிந்து, அந்தச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.