லேப்டாப் பழசு என்பதல்ல பிரச்சினை

"மூணு வாரமாச்சு சார், ஒரு வரி நிரல்கூட ஓடலை" என்று சொல்லும்போதே அந்த அம்மாவுக்குத் தொண்டை அடைத்தது. பக்கத்தில் மகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பைத்தான் என்ற நிரல் மொழியைக் கற்க வேண்டும் என்று தானாக ஆசைப்பட்டவள். மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் சித்தப்பா, "கம்பெனியில் எல்லாரும் பயன்படுத்துவதைத்தான் போடணும்" என்று, நிரல் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டுடியோ கோடை நிறுவச் சொல்லியிருக்கிறார். அது மக்கர் செய்ததும், புது லேப்டாப் வாங்கச் சொல்லிவிட்டார்.

திரையைப் பார்த்தேன். வந்திருந்த பிழைச் செய்தி அவள் எழுதிய நிரலைப் பற்றியதே அல்ல. கணினியில் பைத்தானே இல்லை. அந்த மென்பொருளை நிறுவினால் மட்டும் போதாது. பைத்தானைத் தனியாக நிறுவ வேண்டும், அப்புறம் பைத்தானுக்கான நீட்சியை, அதாவது கூடுதல் இணைப்பை, அந்த மென்பொருளில் சேர்க்க வேண்டும். இது எதுவும் தெரியாத பிள்ளை, தனக்கு மூளை இல்லை என்று முடிவுகட்டியிருந்தாள்.

அம்மா, சித்தப்பா நல்லவர், ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொல்வது தவறு. தேர்ந்தவர்களுக்கு வேகம் தரும் கருவி அது. முதல் மாதத்தில் உங்கள் மகளுக்கு வேண்டியது வேகம் இல்லை. தான் எழுதியதைக் கணினி எப்படிப் படிக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

அதற்கென்றே எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவானது தொன்னி என்ற, நிரல் எழுதும் மென்பொருள். பைத்தான் அதற்குள்ளேயே வருகிறது. நிறுவியதும் எழுதத் தொடங்கலாம். கன்ட்ரோலும் எஃப்5-ம் அழுத்தினால் நிரல் முதல் வரியில் நிற்கும். எஃப்7-ஐ அழுத்த அழுத்த ஒவ்வொரு படியாக நகரும். (2 + 3) * 4 என்று எழுதியிருந்தால், அடைப்புக்குறி இருந்த இடத்தில் 5 வந்து உட்காரும், பிறகு மொத்தமும் 20 ஆகும். ஒரு செயற்கூறை, அதாவது பெயரிட்டு வைத்த நிரல் துண்டை, அழைத்தால் அது தனிச் சாளரமாகத் திறக்கும், மதிப்புகளைத் தாங்கும் அதன் மாறிகளோடு. தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறு என்றால் சாளரத்தின் மேல் சாளரமாக அடுக்கிக்கொண்டே போகும். கரும்பலகையில் நான் எத்தனை முறை வரைந்து காட்டியும் புரியாத பாடம் இது, அங்கே பார்த்ததும் பிள்ளைகள் "ஓ!" என்கிறார்கள்.

புது லேப்டாப் வாங்காதீர்கள். இதில் நான் கறார். தொன்னி இலவசம். உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கணினியின் இயங்குதளத்தோடேயே அது வருகிறது என்றால், உங்கள் வீட்டு லேப்டாப்புக்கு அது பாரமாகாது.

இன்னொன்றும் கவனித்தேன். அவள் நோட்டின் ஓரமெல்லாம் சக்கரமும் நட்சத்திரமுமாக வரைந்திருந்தாள். சித்தப்பா வலைத்தளம் செய்யச் சொல்கிறாராம். வேண்டாம், அவள் வரையட்டும். பைத்தானோடு வரும் டர்ட்டில் என்ற வரையும் வசதி அதற்குத்தான் இருக்கிறது. ஒரு சதுரம் வரைந்து, 10 பாகை திருப்பி, இதையே 36 முறை செய்தால் முழுப் பூ மலரும். சுழற்சிக் கட்டளையும் கோணக் கணக்கும் அதிலேயே வந்துவிடும்.

ஒரு நிரலை நாலைந்து கோப்புகளாகப் பிரிக்க வேண்டிய நாள் வரும்போது அவளே பெரிய கருவியைக் கேட்பாள். அன்று மாறிக்கொள்ளலாம், தொன்னியில் எழுதிய கோப்புகள் அங்கேயும் அப்படியே திறக்கும். சித்தப்பாவிடம் நான் பேசுகிறேன், நீங்கள் பேச வேண்டாம்.