நம்ம மலைக்கு எது சீசன்?

கேள்வி: அக்கா, நான் மஸ்கெலியா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். உயர்தரம் முடித்துவிட்டு ஹட்டனில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். அதோடு வட்ஸ்அப்பில் பழைய உடுப்பு விற்கிறேன். தொடக்கத்தில் நுவரெலியா பேல் பஜாரில், அதாவது கட்டுக் கட்டாக (பேல்) வரும் பழைய உடுப்பு விற்கிற இடத்தில், எடுத்த ஜாக்கெட்டுகள் நன்றாகப் போயின. போன ஏப்ரலில், போனில் எல்லோரும் போடுகிறார்களே என்று இடுப்புக்கு மேலேயே நிற்கும் குட்டை ஸ்வெட்டர் 30 எடுத்தேன், 9தான் விற்றது. ட்ரெண்டைப் பார்த்து எடுத்தும் ஏன் இப்படி ஆனது? அம்மாவோ, "அடுத்தவன் கழிச்சுப் போட்டதை வித்துத்தான் சாப்பிடணுமா?" என்று கேட்கிறார். இதற்கிடையில் தெரிந்த அண்ணா ஒருவர் முழு பேல் ஒன்றைப் பங்குக்கு எடுக்கலாம் என்று கூப்பிடுகிறார். எடுக்கவா?

பதில்: தங்கச்சி, கணக்கை அப்புறம் பார்ப்போம். அம்மா சொன்னது உங்களை ஸ்வெட்டரைவிட அதிகமாக உறுத்துகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் தாத்தாவிடம் ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. பங்களாவில் வேலை செய்தபோது துரை கொடுத்தது. கல்யாணமோ காரியமோ, வேட்டிக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டுதான் போவார். கை விரல் வரைக்கும் தொங்கும், தோள் அவர் தோளில் நிற்காது, வேறு ஓர் ஆளுக்குத் தைத்தது என்று தூரத்திலேயே தெரியும். தாத்தாவுக்கு அது பெருமை. என் அம்மாவுக்கோ அதைப் பார்த்தாலே முகம் சுருங்கிவிடும், "அவங்க போட்டு அலுத்ததை நாம கும்பிட்டு வாங்கிக்கிட்டோம்" என்பார். உங்கள் அம்மா சொல்கிற "கழிச்சுப் போட்டது" என்ற வார்த்தைக்குள்ளும் அப்படி ஒரு கோட்டு இருக்கலாம். அதனால் "இது பேஷன், உங்களுக்குத் தெரியாது" என்று மட்டும் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

நீங்கள் யாரிடமும் கை நீட்டவில்லை. காசு கொடுத்து, பத்தை ஒதுக்கி ஒன்றை எடுத்து, துவைத்து, பொத்தான் தைத்து, விலை சொல்லி விற்கிறீர்கள். அம்மாவுக்கு இதை வாயால் விளக்குவதைவிட ஓர் உடுப்பைக் கையில் கொடுத்துப் பாருங்கள். எனக்கு ஒருமுறை பேலில் ஒரு நீல ஜாக்கெட் கிடைத்தது. காலருக்குக் கீழே ஒரு வெள்ளை நாடா, அதில் சிவப்பு நூலில் ஒரு பிள்ளையின் பெயர், பள்ளிக்கூடத்தில் தொலைந்துவிடக் கூடாது என்று யாரோ ஒரு தாய் தைத்திருக்க வேண்டும். அதைப் பிரித்தெடுக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது, அவ்வளவு நெருக்கமான தையல். உள்ளே லேபலைத் திருப்பினால் இலங்கையில் தைத்தது என்று போட்டிருக்கிறது! 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்ததிலிருந்து இன்றைக்கு வரைக்கும் நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் கார்மென்ட்ஸ் மெஷினில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களில் ஒருத்தி தைத்ததாகக்கூட இருக்கலாம், கப்பலேறிப் போய், எங்கேயோ ஒரு பிள்ளை போட்டு வளர்ந்து, கட்டாகக் கட்டித் திரும்ப மலைக்கு வந்திருக்கிறது. என் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த நாடாவைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார், "நல்ல கை" என்றார். அப்புறம் எனக்குப் பொத்தான் தைத்துத் தந்ததும் அவர்தான்.

சரி, ட்ரெண்டுக்கு வருவோம். நீங்கள் ட்ரெண்டைப் பார்த்தது தப்பே இல்லை. போனில் ஓடுகிற சீசன் வேறு ஊருடையது, அதுதான் சிக்கல். ஐரோப்பாவில் ஆகஸ்ட், செப்டம்பரில் குளிர் உடுப்பு கடைக்கு வரும், ஜனவரியில் மிச்சத்தை விலை குறைத்துத் தள்ளுவார்கள், பிறகு வசந்தம், கோடை என்று மெல்லிய துணி வரும். நமக்கு அந்த நாலு பருவம் எங்கே இருக்கிறது? உங்கள் பக்கம் மே கடைசியில் தென்மேற்கு மழை இறங்கினால் செப்டம்பர் வரை கொடியில் போட்ட உடுப்பு காயாது, அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் வெயிலும் காற்றுமாக இருக்கும். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் குளிரில், மழையில், பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைக்கு வயிறு தெரிகிற ஸ்வெட்டர் எதற்கு? அவள் வாங்க ஆசைப்பட்டாலும் வீட்டில் விடமாட்டார்கள்.

இன்னொன்று, நீங்கள் வாங்கிய மாதம். ஏப்ரலில் நுவரெலியாவுக்கு மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று கொழும்பே ஏறி வந்துவிடும், ஜாக்கெட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் பஜாருக்குத்தான் வருவார்கள். அது விற்கிறவர்களுடைய மாதம். கூட்டத்தோடு கூட்டமாக நின்று நீங்களும் அதே விலை கொடுத்திருப்பீர்கள். மழை பிடித்து, கடைக்காரர் பேச்சுத் துணைக்கு ஆள் தேடுகிற ஜூன், ஜூலை மாதிரி நாட்களில் போங்கள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கவும் விடுவார், விலையும் பேசலாம்.

விற்பதற்கு உங்கள் ஊரிலேயே ஒரு சீசன் இருக்கிறதே, அதை எப்படி விட்டீர்கள்? டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். 2,243 மீற்றர் மலை. நடுராத்திரியில் ஏறி விடியலில் உச்சியில் நிற்பார்கள், அதில் பாதிப்பேர் வெக்கை ஊர்க்காரர்கள், குளிர் தாங்கும் ஜாக்கெட் ஒன்றுகூட வீட்டில் இல்லாதவர்கள். எல்ல, ஹோட்டன் சமவெளி என்று இரண்டு நாள் வரப்போகிற பிள்ளைகளும் அப்படித்தான், புதிதாக ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்க மனமிருக்காது. நவம்பர் கடைசியிலேயே படம் போட ஆரம்பியுங்கள், கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று தூரத்து ஆட்களுக்கும் போகட்டும். அதேபோல புதுப் பாடசாலைத் தவணைக்கு முன்னால் நேவி, மெரூன், கறுப்பு என்று வேலைப்பாடு இல்லாத ஸ்வெட்டர்களைத் தனியாக எடுத்து வையுங்கள், இரண்டு மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதுதான் தேவை. தீபாவளிக்கு மட்டும் பழைய உடுப்பு விற்கப் பார்க்காதீர்கள். முற்பணம் எடுத்தாவது மஞ்சள் தடவிய புது உடுப்புத்தான் வேண்டும் என்று இருக்கிற சனம் நாம், அந்த நாளில் யாருக்கும் இதைக் கொண்டுபோய் நீட்டுவது எனக்கே பிடிக்காது.

ட்ரெண்டில் வேகமாக ஓடுவதும் இருக்கிறது, நின்று நிதானமாகப் போவதும் இருக்கிறது. ஜீன்ஸ் காலின் அகலம் மெதுவாகத்தான் மாறும், ஒட்டிப் பிடிக்கிற ஜீன்ஸ் பத்து வருடத்துக்கு மேல் ஓடியது, இப்போது தொளதொளப்பு. ஆனால் ஒரு வருடத்து நிறம், ஒரு வருடத்துக் குட்டை, ஒரு நாடகத்தில் பார்த்த கழுத்து, இவையெல்லாம் பேலுக்கு வந்து சேரும்போது ஆறிப்போயிருக்கும். டெனிம் ஜாக்கெட், கட்டம்போட்ட தடிச் சட்டை, அகலக் கால் ஜீன்ஸ், முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர், இவற்றில் கை வையுங்கள். பெரியதைப் பிடித்துத் தைத்துச் சின்னதாக்கலாம், குட்டையை நீளமாக்க எந்தத் தையல்காரருக்கும் துணி இருக்காது. உங்கள் 21 ஸ்வெட்டரும் மாட்டிக்கொண்டது அதனால்தான்.

எடுக்கும்போது ஜாக்கெட்டின் உள்பக்கத்தைத் திருப்பாமல் காசைக் கொடுக்காதீர்கள். மழை ஜாக்கெட்டின் உள்ளே ஒரு பூச்சு இருக்கும், ஈரக் காற்றில் வருடக்கணக்கில் கிடந்தால் அது பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரியும், துவைத்தால் திரும்ப வராது. போலித் தோல் ஜாக்கெட்டும் அதே கதைதான், நான் ஒன்று ஆசையாக வாங்கிப் போட்டு, இரண்டாவது மழையில் தோள் முழுக்கக் கறுப்புத் தூளாகக் கொட்டியது, சந்தியில் நின்று அழாத குறை. ஜிப்பை மேலும் கீழும் மூன்று தடவை இழுத்துப் பாருங்கள். கம்பளிதானா என்று சந்தேகம் வந்தால் உள்தையலில் ஒரு நூலை இழுத்து வீட்டில் கொளுத்திப் பாருங்கள், மயிர் கருகிய வாசம் வந்து சாம்பலாகப் பொடிந்தால் கம்பளி, உருகிக் கெட்டி மணியாக நின்றால் செயற்கை நூல்.

கொண்டுவந்த அன்றைக்கே வீட்டு உடுப்போடு கலக்க வேண்டாம். பருத்தியைக் கொதிநீரில் ஊறப்போடலாம், கம்பளியைச் சுடுநீரில் போட்டால் சுருங்கிக் கெட்டியாகிவிடும், அதைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி இரண்டு வாரம் வையுங்கள். சிரங்குப் பூச்சி மனித உடம்பை விட்டால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது, உடுப்புப் பேன் ஒரு வாரத்தில் செத்துவிடும். அப்புறம் தண்ணீரில் மென்மையாக அலசி எடுங்கள். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே காயப்போடுகிற பழக்கம் நமக்கெல்லாம் உண்டு, அந்தப் புகை வாசம் நம் மூக்குக்குத் தெரியாது, பார்சலைப் பிரிக்கிற கொழும்புப் பிள்ளைக்கு உடனே தெரியும். வெயில் வரும்வரை பொறுங்கள்.

படத்தை விடிந்து மூடுபனி இருக்கும்போதே வாசலில் வைத்து எடுங்கள், அந்த வெள்ளை வெளிச்சத்தில் நிறம் உள்ளபடி விழும். லேபலில் உள்ள சைஸை நம்பி எழுத வேண்டாம், நாட்டுக்கு நாடு அது மாறும். உடுப்பைத் தரையில் விரித்து அக்குளிலிருந்து அக்குள் வரை, தோள், கை, நீளம் என்று டேப்பால் அளந்து போடுங்கள். கறை இருந்தால் கறையைக் கிட்டத்தில் எடுத்து, அதையும் போடுங்கள். "பழசுதானே" என்று மறைத்தால் உங்கள் பெயர்தான் கெடும், சின்ன ஊர்களில் அந்தப் பேச்சு பஸ்ஸைவிட முந்திப் போய்விடும்.

கணக்கில் ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஒன்று 600 ரூபா என்று 10 ஜாக்கெட் எடுத்தால் 6,000. அதில் 2 தேறாது என்று வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் 8க்கும் விலை 750 ஆகிவிட்டது. சவர்க்காரம், நூல், பொத்தான் எல்லாம் ஒன்றுக்கு 50 சேர்த்தால் 800. பஸ் காசு இன்னும் சேரவில்லை. இதைப் பார்க்காமல் 600க்கு வாங்கி 900க்கு விற்றேன், 300 லாபம் என்று எழுதினால் வருடக் கடைசியில் காசு எங்கே போனது என்றே தெரியாது. தூரத்துக்கு அனுப்புவதென்றால் கூரியர் காசையாவது முதலிலேயே வாங்கிவிடுங்கள், பார்சல் திரும்பி வந்தால் போகவர இரண்டு செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

அந்த 21 ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு அடுத்த ஏப்ரலுக்குக் காத்திருக்க வேண்டாம். நீளமான குர்த்தா, கவுன் மேலே போட்டுக் காட்டிப் படம் எடுங்கள், அப்படிப் போட்டால் வயிறும் மூடும், குட்டையும் அழகாகத் தெரியும். கண்டி, கொழும்புப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். போட்ட முதல் வந்தால் போதும், லாபம் பார்க்க நிற்காதீர்கள், அந்தக் காசு ஜூனில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

முழு பேல் இந்த வருடம் எடுக்க வேண்டாம். கட்டிய பேலுக்குள் என்ன இருக்கிறது என்று பிரிக்கும்வரை யாருக்கும் தெரியாது, பாதி குழந்தை உடுப்பாகவோ கிழிசலாகவோ வந்தால் பங்குக்காரரோடு மனஸ்தாபமும் சேர்ந்து வரும். அந்த அண்ணா நல்லவராகவே இருக்கட்டும், "பேலைப் பிரிக்கிற அன்றைக்கு நான் வருகிறேன், எனக்கு வேண்டியதைத் துண்டுக் கணக்கில் காசு கொடுத்து எடுக்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சரி என்றால், போகிற அன்றைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், தையல் பார்க்கத் தெரிந்த கண் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.